சுவிஸ் போறவங்க அந்த மஞ்சப் பலகையையும் பாத்துட்டு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சுற்றுலா பக்கத்துல சுவிட்சர்லாந்து பத்தி வந்தத படிச்சேன். படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா படிச்சு முடிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுத உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கணும். யுங்ஃபிராவ்யோக்ங்கற பனிமலைக்கு ரயில்ல ஏறணும், பனில விளையாடணும், இன்டர்லாக்கன் ஊர்ல போட்டோ எடுக்கணும், சாக்லேட் வாங்கணும், இவ்வளவுதான் அதுல இருந்துச்சு. அங்க நடக்கறத பத்தியோ, நடக்கறவங்களுக்கு வழி சொல்ற அந்த மஞ்சப் பலகைய பத்தியோ ஒரு வரி கூட இல்ல. அந்த மலைக்குப் போய் நடக்காம திரும்பறது மதுரைக்குப் போய் கோபுரத்த வெளிய நின்னு பாத்துட்டு மீனாட்சிய பாக்காம பஸ் ஏறற மாதிரி.

நான் போடிநாயக்கனூர்ல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. மகளும் மாப்பிள்ளையும் சுவிஸ்ல பெர்ன் நகரத்துல இருக்காங்க. 2025 ஆகஸ்ட் கடைசில நானும் எங்க வீட்டுக்காரரும் போய் மூணு வாரம் இருந்தோம். பெர்ன்ல இருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகல, அங்க இருந்து மலை ரயில் மாறணும். இந்த ரயில்ல ஒரு விஷயம் இருக்கு, புதுசா போறவங்க தெரிஞ்சுக்கணும். ஸ்வைலுட்ஷினன்னு ஒரு ஸ்டேஷன்ல ரயில ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய லவுட்டர்புரூனனுக்கும் இன்னொரு பாதிய கிரிண்டல்வால்டுக்கும் அனுப்பறாங்க. எந்தப் பெட்டி எங்க போகுதுன்னு பெட்டிலயே போட்டிருக்கும், அதப் பாத்துதான் ஏறணும். எங்க எதிர்ல உக்காந்திருந்த ஒரு குஜராத்தி குடும்பம் பாவம் மாத்தி ஏறிடுச்சு, என் மக சொல்லப்போய் அந்த ஸ்டேஷன்ல சாமானோட ஓடிப்போய் மாறுனாங்க.

முதல்ல எல்லாரும் போற இடத்துக்கே நாங்களும் போனோம், போகாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். யுங்ஃபிராவ்யோக் ஸ்டேஷன் 3454 மீட்டர் உயரத்துல இருக்கு, ஐரோப்பாலயே இதுக்கு மேல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ஐகர், மென்ஷ்னு ரெண்டு மலையோட வயித்துக்குள்ள குடைஞ்ச குகைலதான் ரயில் போகுது. 1896ல வேலைய ஆரம்பிச்சு 1912 ஆகஸ்ட் 1ல தொறந்தாங்க, 16 வருஷம். இத்தாலில இருந்து வந்த கூலித் தொழிலாளிங்கதான் பெரும்பாலும் குடைஞ்சது, அதுல உயிர விட்டவங்களும் உண்டு. இந்த ரயில யோசிச்சவர் அடோல்ஃப் குயர் செல்லர்னு ஒரு பணக்காரர், தொறக்கறத பாக்க அவருக்குக் கொடுத்து வைக்கல, 1899லயே இறந்துட்டாரு. அவருக்கு இந்த யோசனை எப்ப வந்துச்சு தெரியுமா, 1893 ஆகஸ்ட்ல மகளோட எதிர்ப்பக்கம் ஷில்ட்ஹார்ன் மலைல நடந்து போறப்ப இந்தச் சிகரத்தையெல்லாம் பாத்துட்டு வந்திருக்கு. நடந்ததாலதான் அந்த ரயிலே வந்துச்சு! இத என் மக எனக்கு ரயில்ல சொன்னா, அப்பவே அம்மா நாமளும் நடப்போமான்னு கேட்டா.

மேல நாங்க போன அன்னைக்கு வெயில் அடிச்சுச்சு. காலைல கிளம்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ள போன்ல அங்க இருக்கற கேமராவ பாத்துட்டுதான் டிக்கெட் எடுத்தாரு. இது ரொம்ப முக்கியம். டிக்கெட் இன்டர்லாக்கன்ல இருந்து ஒரு ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல, ஹாஃப் ஃபேர் கார்டு எடுத்தா பாதி. அவ்வளவு காசு கொடுத்து மேகத்துக்குள்ள நின்னுட்டு வர்றவங்க எத்தன பேரு. எங்க தெருலயே ஒரு குடும்பம் பேக்கேஜ்ல போச்சு, தேதி ஆறு மாசம் முன்னாடியே போட்டது, மாத்த முடியாது, மேல போனா ஒரே வெள்ளை, எதிர்ல நிக்கற ஆளு தெரியல, ரெண்டு மணி நேரத்துல பஸ்ஸுக்கு வரச்சொல்லி விரட்டி இறக்கிட்டாங்க. பிள்ளைங்க படிப்புக்கு சேத்து வச்சதுல எடுத்துட்டுப் போன காசு. அந்தம்மா சொல்றப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

நாங்க அலெட்ஷ் பனியாறு முழுசா பாத்தோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளம், ஆல்ப்ஸ்லயே பெரிசு, ஒரு ஆறு ஓடிட்டிருக்கறப்பவே உறைஞ்சு நின்ன மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. 2001ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு கொஞ்ச நேரத்துல தலை சுத்த ஆரம்பிச்சுடுச்சு. அந்த உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான், மாடிப்படி ஏறுனாலே மூச்சு வாங்கும். உக்காத்தி வச்சு தண்ணி கொடுத்து கீழ இறங்குனதும் சரியாயிடுச்சு. வயசானவங்க, இருதயத்துல தொந்தரவு உள்ளவங்க டாக்டர கேக்காம மேல போக வேண்டாம்னு ஒரு வரி உங்க கட்டுரைல இருந்திருக்கணும்.

ஆனா ஐயா, மூணு வாரத்துல என் மனசுல நின்னது அந்தப் பனி இல்ல. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு நடந்ததுதான். லவுட்டர்புரூனன்ல இருந்து ரயில்ல வெங்கன், அது கார் பஸ் எதுவும் போகாத ஊரு, அங்க இருந்து ரோப் கார்ல மென்லிஹன் மலை ஏறி, அங்கருந்து கிளைன ஷைடெக் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். நாலரை கிலோமீட்டர், லேசா இறக்கம், பெரம்புலேட்டர் தள்ளிட்டு வர்றவங்க கூட இருந்தாங்க. பலகைல ஒன்றரை மணி நேரம்னு போட்டிருந்துச்சு, எங்களுக்கு ரெண்டரை ஆச்சு, நாங்க நடந்தத விட நின்னதுதான் அதிகம். இடப்பக்கம் கீழ கிரிண்டல்வால்ட், எதிர்ல ஐகர் மென்ஷ் யுங்ஃபிராவ் மூணும் வரிசையா, மென்ஷ்னா துறவி, யுங்ஃபிராவ்னா கன்னி. ஒவ்வொரு வளைவுலயும் அந்த மூணு மலையும் இன்னும் கிட்ட வந்து நிக்கும். சத்தம்னு பாத்தா மாட்டு மணி மட்டும்தான், நம்ம கோயில் மணி அளவுக்குப் பெரிய மணி ஒவ்வொரு மாட்டுக்கும். வழில பெஞ்சு போட்டிருக்காங்க, அதுல உக்காந்து மக கட்டிட்டு வந்த புளியோதரைய சாப்பிட்டோம். பக்கத்து பெஞ்சுல ஒரு வயசான ஜோடி, எப்படியும் 80 வயசு இருக்கும், ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுட்டு ரெண்டு கைலயும் கம்பு ஊனிட்டு எழுந்து எங்களப் பாத்து சிரிச்சு "குரூசெக்"னு சொல்லிட்டுப் போனாங்க, பெர்ன் பக்கம் வணக்கத்துக்கு அதான். பாதைல எதிர்ல வர்ற எல்லாரும் சொல்றாங்க, நாமளும் திருப்பிச் சொல்லணும், சொன்னா அவங்க முகம் மலரும்.

இப்ப அந்த மஞ்சப் பலகை. எந்த பாதை பிரியற இடத்துலயும் ஒரு கம்பம், அதுல மஞ்சக் கலர்ல அம்பு, எந்த ஊருக்கு எவ்வளவு நேரம்னு எழுதியிருக்கும். கிலோமீட்டர் இல்ல, நேரம்தான், ஏத்த இறக்கத்த கணக்குப் போட்டு ஓய்வு சேக்காம எழுதறாங்க. சமதளத்துல மணிக்கு 4.2 கிலோமீட்டர்னு கணக்காம். நம்ம மாதிரி பழக்கமில்லாதவங்க அதோட பாதி சேத்துக்கணும். கம்பத்துலயே நீங்க நிக்கற இடத்தோட பேரும் உயரமும் ஒரு வெள்ளைப் பலகைல இருக்கும், அதனால தொலைஞ்சு போக வழியே இல்ல, போன்ல சார்ஜ் போனாலும் பயமில்ல. வெறும் மஞ்சள்னா யாரும் போகலாம். அம்போட நுனில வெள்ளை சிவப்பு வெள்ளை பெயிண்ட் இருந்தா மலைப் பாதை, நல்ல ஷூ வேணும், தலைசுத்தல் இருக்கக் கூடாது. வெள்ளை நீலம் வெள்ளைன்னா கயிறு கட்டி ஏறற ஆளுங்களுக்கு, நாம அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. இந்த மூணு கலர தெரிஞ்சுகிட்டா போதும், பயமில்லாம பாதைய தேர்ந்தெடுக்கலாம்.

இந்தப் பலகைய ஆரம்பிச்சு வச்சது ஒரு வாத்தியாருன்னு தெரிஞ்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். யொஹான் யாகோப் எஸ்னு பேரு, மைலன் ஊர்ல பள்ளிக்கூட ஆசிரியர். 1930கள்ல பிள்ளைங்கள கூட்டிட்டு கிளவுசன் கணவாய்ல நடந்து போறப்ப, அங்க கார் வர ஆரம்பிச்ச நேரம், புழுதியும் ஹாரனும்னு ஓரமா ஒதுங்கி ஒதுங்கி போக வேண்டியிருந்திருக்கு. நடக்கறவனுக்குன்னு தனிப் பாதை வேணும்னு நினைச்சு சங்கம் அமைச்சு 1934ல வேலைய ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1979ல நாடு முழுக்க ஓட்டெடுப்பு வச்சு, நடைபாதைய அவங்க அரசியல் சட்டத்துலயே சேத்துட்டாங்க. நாலுல மூணு பேரு சரின்னு ஓட்டு போட்டிருக்காங்க. ரோடு வந்தோ தார் போட்டோ ஒரு நடைபாதை போச்சுன்னா அதுக்கு பதிலா வேற பாதை கொடுக்கணும்னு சட்டம். இன்னைக்கு மொத்தம் 65,000 கிலோமீட்டர் பாதை, பூமிய ஒன்றரை தடவ சுத்தலாம், நம்ம தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்கு கூட பரப்பு இல்லாத நாட்டுல. வகுப்புல பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போன எந்த டீச்சருக்கும் ரோட்டோரம் எண்ணி எண்ணி நடந்த அந்த பயம் தெரியும், அந்த ஒரு வாத்தியார் பயத்துல இருந்து இது வந்துச்சுன்னு நினைச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்குது.

ஐகர் ட்ரெயில்னு ஐகர் மலைக்குக் கீழயே ஒரு நடைபாதை, அதுல போறதுக்கு எனக்கு பயமாதான் இருந்துச்சு, 62 வயசு. அது வெள்ளை சிவப்பு வெள்ளை. மக ஒரு வாரம் என்னைய பெர்ன்ல ஆரே ஆத்தங்கரைல நடக்க வச்சு பழக்குனா, ஷூவும் ரெண்டு கம்பும் வாங்கிக் கொடுத்தா. ஐகர்கிளெட்ஷர் ஸ்டேஷன் 2320 மீட்டர், அங்கருந்து ஆல்பிக்லன் 1616 மீட்டர், 6 கிலோமீட்டர் இறங்கிகிட்டே போகணும். பாதை முழுக்க ஐகரோட வடக்கு சுவர் தலைக்கு மேல நிக்குது. சுவர்தான் அது, 1800 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை, வெயில் படாம கருப்பா, பக்கத்துல போனா குளிர் காத்து முகத்துல அடிக்கும், எங்கயோ மேல சின்ன கல்லு உருள்ற சத்தம் கேக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப அமைதி. அந்தச் சுவர முதல் தடவ ஏறி முடிச்சது 1938 ஜூலை 24ல, ஹெக்மையர், ஃபெர்க், ஹாரர், காஸ்பரெக்னு நாலு பேரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஏறுன நாலு பேருமே செத்துட்டாங்க. கடைசியா உயிரோட இருந்த டோனி கூர்ட்ஸ்ங்கற பையன காப்பாத்த வந்தவங்க ரயில் குகைல இருந்து பாறைய குடைஞ்சு விட்டிருந்த ஓட்டை வழியாதான் வெளிய வந்திருக்காங்க, எட்டற தூரத்துல கயித்துல தொங்கிட்டு இருந்திருக்கான், ஆனா கயித்துல இருந்த முடிச்சு சிக்கி இறங்க முடியாம அப்படியே உயிரு போயிடுச்சு. இத என் மக அந்தச் சுவருக்குக் கீழயே உக்காந்து சொன்னா. நாங்க கொஞ்ச நாள் முன்னாடி அந்த குகை வழியா சுகமா ரயில்ல உக்காந்து போனவங்க. ரொம்ப நேரம் எங்களால எந்திரிக்க முடியல.

அன்னைக்கு அந்தப் பாதைல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன செருப்போட பாத்தேன், கூட நாலு பசங்க, ஒருத்தன் கைல ஸ்பீக்கர்ல பாட்டு. சின்ன பசங்க, நல்ல பசங்கதான், நான் தமிழ்ல பேசுனதும் உடனே ஆஃப் பண்ணிட்டாங்க, எங்கள மாதிரி மலையடிவாரத்துக்காரங்க கிட்ட கேட்டா தெரியும்பா ஈரப் பாறைல செருப்பு என்ன பண்ணும்னு சொல்லி திருப்பி அனுப்புனேன், ஸ்டேஷன் பக்கத்துலதான் இருந்துச்சு. ஆபத்துன்னா அந்த நாட்டுல ரேகான்னு ஹெலிகாப்டர் மீட்பு இருக்கு, நம்பர் 1414, போற எல்லாரும் போன்ல பதிஞ்சு வச்சுக்கணும். பலகைல குறுக்க பாதை மூடியிருக்குன்னு போட்டிருந்தா கேள்வியே கேக்காம திரும்பிடணும்.

ஏன்னா அந்த மலை இப்ப முன்ன மாதிரி இல்ல. பனியாறு எல்லாம் கரையுது, 2022, 2023 ரெண்டே வருஷத்துல சுவிஸ் பனியாறுகள்ல பத்துல ஒரு பங்கு போயிடுச்சு. நாங்க போறதுக்கு மூணு மாசம் முன்னாடி, 2025 மே 28ல, இந்த மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் லோட்ஷன்டால் பள்ளத்தாக்குல பிளாட்டன்ங்கற ஊரு மேல பனியாறும் பாறையும் இடிஞ்சு விழுந்து ஊரோட பெரும்பகுதி மூடிப்போச்சு. கண்காணிச்சுகிட்டே இருந்ததால ஒன்பது நாள் முன்னாடியே ஊர்ல இருந்த 300 பேரையும் ஆடு மாட்டையும் வெளிய கொண்டு வந்துட்டாங்க, அதனாலதான் அத்தன உயிரு பிழைச்சுச்சு. ரயில்ல பக்கத்துல உக்காந்த ஒரு அம்மா அத பத்தி மக கிட்ட ஜெர்மன்ல பேசிட்டே அழுதாங்க, எனக்கு மொழி தெரியல ஆனா புரிஞ்சுச்சு.

முட்டி வலி உள்ளவங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சது. அவரு லவுட்டர்புரூனன்ல இருந்து ஸ்டெக்கல்பெர்க் வரைக்கும் பள்ளத்தாக்குலயே நடந்தாரு, தரை மட்டமான பாதை, ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அதுல இருந்து விழற அருவிங்க மொத்தம் 72ன்னு சொல்றாங்க. ஊரு ஓரத்துலயே ஷ்டவ்ப்பாக் அருவி, 297 மீட்டர், கீழ வந்து சேர்றதுக்குள்ள தண்ணி காத்துல தூளாயிடுது, பேருக்கு அர்த்தமும் தூசி ஓடைதான். நடுவுல ட்ரும்மல்பாக்ல மலைக்குள்ளயே பத்து அருவி, லிஃப்ட்ல ஏறி பாக்கலாம், ஐகர் மென்ஷ் யுங்ஃபிராவ் மூணுல உருகற பனித் தண்ணியும் அது வழியாதான் இறங்குது, செகண்டுக்கு 20,000 லிட்டர் வரைக்கும். உள்ள நின்னா கால்ல அதிர்வு தெரியும், நம்ம சுருளி அருவில குளிச்சவரு அவரு, இது அருவியே இல்ல இடின்னாரு. இன்னொரு நாள் குரூட்ச்சால்ப்ல இருந்து மியூரன் வரைக்கும் தண்டவாளத்த ஒட்டியே நடந்தோம், அதுவும் பெரிய ஏத்தமில்ல. மியூரன்ல இருந்து கிம்மல்வால்டுக்கு இறங்கற வழில ஒரு வீட்டு வாசல்ல ஃபிரிட்ஜ், உள்ள சீஸ், விலை எழுதி பக்கத்துல உண்டியல், ஆளே இல்ல. காச போட்டுட்டு எடுத்துக்கணும். மின்வேலி குறுக்க வந்தா பிளாஸ்டிக் கைப்பிடிய பிடிச்சு கழட்டி தாண்டி திரும்ப மாட்டிட்டுப் போகணும், முன்னாடி போற ஆளு மாட்டாம போனா பின்னாடி மாடு வெளிய வந்துடும்ல. குப்பைய கைலயே கீழ கொண்டு வந்துடுங்க. அது மாடு மேய்க்கற ஜனங்க வாழற இடம், லவுட்டர்புரூனன் மாதிரி சின்ன ஊருங்க ஏற்கனவே கூட்டம் தாங்காம தவிக்குது.

எங்க ஊரு விஷயம் ஒண்ணு சொல்லாம முடிக்க முடியல. 2018 மார்ச் 11, குரங்கணி. காட்டுத் தீல 20க்கும் மேல போயிட்டாங்க, எல்லாம் ட்ரெக்கிங் வந்த சின்ன வயசுப் பிள்ளைங்க. அன்னைக்கு ராத்திரி போடி ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன எங்க யாருக்கும் அது மறக்காது. அந்தப் பிள்ளைங்களுக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல. பலகை ஒண்ணால தீய நிறுத்த முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனா ஐகருக்குக் கீழ ஒவ்வொரு மஞ்ச அம்பையும் கடந்து போறப்ப எனக்கு குரங்கணி ஞாபகம்தான் வந்துச்சு. 2024 அக்டோபர்ல நம்ம அரசாங்கமும் 40 மலைப் பாதைய வழிகாட்டியோட தொறந்திருக்கு, நல்ல காரியம், அந்தப் பாதைங்கள்ல தமிழ்ல பேரும் உயரமும் நேரமும் எழுதுன பலகை ஒவ்வொரு பிரிவுலயும் நடணும்னு உங்க பேப்பர் வழியா வனத்துறைய கேட்டுக்கறேன்.

உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவ சுற்றுலா பக்கத்துல சுவிஸ் பத்தி போடறப்ப, ஒரு ஓரத்துல அந்த மூணு கலர் பெயிண்ட்டுக்கு அர்த்தத்தையும், கீழ இறங்கற கடைசி ரோப் கார் நேரத்த போர்டுல பாத்துக்கச் சொல்லியும், அந்த 1414 நம்பரையும் போடுங்க. பேக்கேஜ் விக்கறவங்க கிட்ட ஒரு அரை நாள் நடக்க விடுவீங்களான்னு கேட்டுட்டு பணம் கட்டுங்கன்னு வாசகர்களுக்குச் சொல்லுங்க.

இதோட ஒரு போட்டோ வச்சிருக்கேன். ஆல்பிக்லன் வந்து சேந்ததும் மக எடுத்தது. ஐகர் மேகத்துல மறைஞ்சுடுச்சு, படத்துல நானும் கம்பும் அந்த மஞ்சப் பலகையும்தான் இருக்கோம். முடிஞ்சா போடுங்க, பலகைல எழுத்து தெரியற மாதிரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
போடிநாயக்கனூர்